லயத்து வாசலிலிருந்து ஒரு கோடு

முதலாம் தரத்துக்கு விண்ணப்பம் போடுகிற ஜூன் மாதம். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிரிவின் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஒரு போனைச் சுற்றி எட்டு ஒன்பது பேர் குந்தியிருந்தோம். ஆட்டோ ஓட்டுகிற தம்பிதான் போனைப் பிடித்திருந்தான். திரையில் எங்கள் தோட்டம் முழுப் பச்சை. நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்குப் பெயர் இல்லை, பாதைக்குப் பெயர் இல்லை, நாங்கள் உட்கார்ந்திருந்த கோயில்கூட இல்லை. ஸ்டோரு என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை மட்டும் ஒரு சாம்பல் கட்டமாகத் தெரிந்தது. அந்தப் பச்சையில் ஓரிடத்தில் விரலை ஊன்றி, "இதுதான் நம்ம லயம்" என்று அவனே முடிவுகட்டி, அங்கிருந்து பதுளை டவுன் பள்ளிக்கூடத்து வாசலுக்கு ஒரு கோடு இழுத்தான்.

"மூணு கிலோமீட்டர்கூட இல்ல மாமா!"

எல்லோருக்கும் சிரிப்பு. அதே பள்ளிக்கூடத்துக்கு அவன் ஆட்டோ தினமும் போய்வருகிறது. மீட்டரில் பதினொன்று காட்டும். லயத்திலிருந்து ஸ்டோருக்கு இறங்கி, ஆற்றோரமாகவே போய், பாலத்தைத் தாண்டி, மறுபக்கம் வளைந்து வளைந்து ஏறினால்தான் மெயின் ரோடு வரும். காக்காய்க்கு மூன்று, பிள்ளைக்குப் பதினொன்று.

அரசாங்கத்தின் சுற்றறிக்கைக்குக் காக்காயின் கணக்குத்தான் வேண்டும். வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கு நேர்கோடு. வீட்டை நடுவில் வைத்து அந்தக் கோட்டின் நீளத்துக்கு ஒரு வட்டம் போடுவார்கள். பிள்ளையைச் சேர்க்கக்கூடிய வேறு அரசாங்கப் பாடசாலை அந்த வட்டத்துக்குள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். எங்கள் வட்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இரண்டு விழுந்தது. ஒன்று எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம். மற்றது பள்ளத்துக்கு அந்தப் பக்கம், பக்கத்துத் தோட்டத்தில். அதன் கூரைத் தகரம் வெயிலில் மின்னுவதைப் பார்த்திருக்கிறோமே தவிர, எங்கள் லயத்திலிருந்து ஒரு பிள்ளையும் அங்கே போனதில்லை. போவதற்கு வழி இருந்தால்தானே.

சிரிப்பு அடங்கியதும் சண்டை தொடங்கியது. அதற்கு முன் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் அம்மா படித்த காலத்தில் எந்தப் பள்ளிக்கூடம் என்ற கேள்வியே கிடையாது. தோட்டத்து எல்லைதான் பள்ளிக்கூடத்து எல்லை. எந்தத் தோட்டத் துரையின் செக்ரோல் என்ற பெயர் இடாப்பில் தகப்பன் பெயர் இருக்கிறதோ, அந்தத் துரையின் பள்ளிக்கூடம். 1907இல் வந்த கிராமியப் பாடசாலைகள் சட்டமும் 1920இல் வந்த கல்விச் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் கட்டின. ஆறு வயதிலிருந்து பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் துரை ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும், ஒரு கொட்டகை கொடுக்க வேண்டும். 1920 சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு: அந்த வயதுப் பிள்ளையைக் காலை பத்து மணிக்கு முன்னால் வேலைக்கு எடுக்கக் கூடாது. எனக்கு இந்தச் சட்டத்தில் மறக்க முடியாத இடம் இதுதான். பத்து மணிக்குப் பிறகு எடுக்கலாம் என்றுதானே அதற்கு அர்த்தம்? பள்ளிக்கூடத்துக்கு நிலத்தில் ஓர் எல்லை, கடிகாரத்தில் ஓர் எல்லை.

அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஒரே கொட்டகை, ஒரே மாஸ்டர். கறுப்புப் பலகை ஒன்றுதான், அதையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்திருந்தார்களாம். இடது பக்கம் இரண்டாம் வகுப்பு, வலது பக்கம் மூன்றாம் வகுப்பு. மாஸ்டருக்குப் படிப்பித்தல் பாதி வேலைதான். லயத்துக்கு வரும் கடிதங்களை வாசித்துக் காட்டுவது, பதில் எழுதுவது, மார்கழியில் பஜனை, தேர்தல் வந்தால் சங்கத்து நோட்டீஸ், எல்லாம் அவர் தலையில்தான். நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது, மத்திய கல்லூரிகள் எழுந்தன. 1960, 61இல் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. இரண்டு அலையும் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நாடே இல்லாமல் போனவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டு யார் வாதாடுவது?

நான் படிக்கப் போனது 1975இல். அந்த வருடம்தான் கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு வந்தன. 1977 தொடங்கித் தோட்டப் பாடசாலைகளையும் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். எங்களுடையதை எடுத்தபோது நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். பெயர்ப்பலகை மாறியது, இரண்டாவது டீச்சர் ஒருவர் வந்தார், மற்றபடி அதே கொட்டகை. ஆனால் வகுப்பு மட்டும் மெலிந்துகொண்டே போனது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அதில் பெயர் விழுந்த குடும்பங்கள் தகரப் பெட்டியோடு பதுளையில் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போய்க்கொண்டே இருந்தன. வரவு இடாப்பில் அந்தப் பெயருக்கு நேரே மாஸ்டர் சிவப்பு மையில் 'இந்தியா' என்று எழுதுவார். என் பக்கத்தில் இருந்தவன் பெயருக்கு நேரே அதை எழுதியபோது நான் எட்டிப் பார்த்தேன். எழுத்து அழகாக இருந்தது.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அப்பா என்னை டவுனுக்குக் கொண்டுபோனார். எப்படி என்றால், பஜார் வீதியில் என் பெரிய மாமா ஒரு சிறிய பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். கடைக்குப் பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் எனக்குப் பாய். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் கடையின் விலாசத்தைப் போட்டோம். அது பொய்யா என்று கேட்டால் பாதிப் பொய். வாரத்தில் ஐந்து நாள் நான் அங்கேதானே படுத்தேன்? அந்தக் காலத்தில் பதுளையில் படித்த தோட்டத்துப் பையன்களில் பலர் இப்படி யாரோ ஒரு மாமாவின் விலாசத்தில் படித்தவர்கள்தான். 1983 ஜூலை 27, புதன்கிழமை, பதுளை எரிந்தபோது அந்தக் கடையும் எரிந்தது. மாமா உயிரோடு வந்து சேர்ந்தார். நான் நாலைந்து மாதம் தோட்டத்திலேயே இருந்துவிட்டு, விலாசம் இல்லாமலே அதே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனேன். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

இன்று கேட்கிறார்கள். கேட்பதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. முதலாம் தரத்தில் நூற்றுக்கு 50 இடம் அருகில் வசிப்பவர்களுக்கு, 25 பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு, 15 ஏற்கெனவே அங்கே படிப்பவர்களின் தம்பி தங்கைகளுக்கு. மீதியைக் கல்வித் துறை ஊழியர்கள், இடமாற்றம் பெற்ற அரச ஊழியர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். இந்த விதியை எழுதியவர் நியாயமான மனிதராகத்தான் இருக்க வேண்டும். எங்கள் லயத்திலிருந்து பார்த்தால்தான் ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி வாசிக்கிறது. பழைய மாணவர் என்றால், தாய் படித்தது தோட்டப் பள்ளிக்கூடத்தில், தகப்பன் ஒன்பதோடு கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவன். அண்ணன் அக்கா என்றால், மூத்தது எப்படி உள்ளே போவது? மிஞ்சுவது அந்த 50. அதற்கு முதலில் கேட்பது காணி உறுதி, அடுத்தது வாக்காளர் இடாப்பு, பிறகு மின்சாரப் பில், தண்ணீர்ப் பில். லயம் தோட்டத்தின் சொத்து. தண்ணீர் மலையிலிருந்து குழாயில் வருகிறது. அதற்கு யார் பில் கொடுப்பது?

இதிலும் ஒரு புதுமை. 2015க்குப் பிறகு தனிவீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணியும் உறுதியும் கிடைத்த குடும்பங்கள் சில தோட்டங்களில் இருக்கின்றன. அவர்களிடம் காட்டுவதற்குக் கடதாசி இருக்கிறது. ஒரே தோட்டம், ஒரே கொழுந்து நிறுக்கும் மடுவம், ஒரே சம்பளம். கடதாசி உள்ள வரிசை ஒன்று, இல்லாத வரிசை ஒன்று. கோயில் மண்டபத்தில் அன்று யார் தூண் ஓரமாக உட்கார்ந்தார்கள், யார் நடுவில் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தாலே இது தெரிந்தது.

சண்டையை முதலில் தொடங்கியது என் தங்கை மகள். அவள் பிள்ளைக்குத்தான் அடுத்த ஜனவரியில் பள்ளிக்கூடம்.

"எம் புள்ள என்னய மாதிரி கூட தூக்கக் கூடாதுங்க. டவுன்ல சயன்ஸ் இருக்கு, இங்கிலீசுக்கு டீச்சர் இருக்கு. இங்க என்னாங்க இருக்கு?"

எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சரும் வந்திருந்தார். இதே தோட்டத்து லயத்தில் பிறந்தவர். மலையகப் பாடசாலைகளுக்கென்று 3,000க்கும் மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்களே, அதில் வந்தவர். ஆசிரியர் என்ற பெயரில்லாமல் உதவியாளர் என்ற பெயரில், சம்பளம் என்றில்லாமல் கொடுப்பனவு என்று ஒரு சிறு தொகைக்கு வருடக்கணக்காகப் படிப்பித்தவர்கள் அவர்கள்.

"இந்த வருசம் ஒண்ணாம் தரத்துக்குப் பதினொரு பேருங்க," என்றார் டீச்சர். "அதுல ஆறு பேரு டவுனுக்குப் போனா நான் அஞ்சு பேர வச்சிக்கிட்டு என்ன செய்யிறது? அடுத்த வருசம் புள்ள இல்லன்னு ஒரு டீச்சர எடுப்பாங்க. டீச்சர் இல்லன்னு நீங்க இன்னும் ரெண்டு புள்ளய எடுப்பீங்க. பெறகு ஒரு நா சின்னப் பள்ளிக்கூடத்த எல்லாம் சேக்கப் போறோம்னு கடிதம் வரும்."

"அப்ப ஒங்க மகன் எங்க டீச்சர் படிக்கிது?" என்று தூண் ஓரத்திலிருந்து ஒரு குரல்.

டீச்சர் பதில் சொல்லவில்லை. அவர் மகன் டவுனில்தான் படிக்கிறான். அது எல்லோருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் மண்டபத்துக்குப் பின்னால் அட்டை எடுக்க உப்புத் தேடும் பிள்ளைகளின் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு டீச்சர்மேல் கோபம் வரவில்லை. அவர் சொன்ன கணக்கு சரி, அவர் செய்ததும் சரி, இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

பெயர் உள்ள பள்ளிக்கூடம் என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் கேட்டில் தொங்குகிற துணி பேனரை வைத்து. உயர்தரப் பெறுபேறு வந்த வாரத்தில் பதுளையில் எந்தப் பக்கம் போனாலும் பிள்ளைகளின் முகங்கள் தொங்கும். மருத்துவம் இத்தனை, பொறியியல் இத்தனை. அந்த முகங்களில் எத்தனை பேர் ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் தேறி எங்கள் மாதிரி ஒரு சின்னப் பள்ளிக்கூடத்திலிருந்து போனவர்கள் என்று பேனரில் எழுதுவதில்லை. எழுதப் பெயிண்டர் கூலி கூடுமோ என்னவோ. ஐந்து வருடம் பலகையில் அகரம் எழுதிக் கொடுத்தவர் ஒருவர், பேனர் கட்டுகிறவர் இன்னொருவர். பதுளை சரஸ்வதி, தமிழ் மகளிர், பசறைத் தமிழ் தேசிய பாடசாலை, பண்டாரவளைத் தமிழ் மத்திய கல்லூரி என்று எங்கள் ஊவா மாகாணத்தில் தமிழ்ப் பெற்றோர் விரல்விட்டு எண்ணுகிற பெயர்கள் கொஞ்சம்தான். அதிலும் உயர்தரத்தில் விஞ்ஞானம் வேண்டுமென்றால் விரல் இன்னும் குறையும். 2012 கணக்கெடுப்பில் 8 இலட்சம் பேருக்கு மேல் இருந்த பதுளை மாவட்டத்தில் மலையகத் தமிழர் மட்டுமே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இருக்கிற கதவுகளில் கூட்டம் முட்டாமல் என்ன செய்யும்?

கூட்டம் முட்டுகிற கதவுக்குக் கடிதம் வரும். அமைச்சரின் கடிதம், உறுப்பினரின் கடிதம், 'இக்கடிதத்தைக் கொண்டுவருபவர் எனக்கு நன்கு தெரிந்தவர்' என்ற கடிதம். 2018 ஜனவரியில் பதுளை நாடு முழுக்கப் பேசப்பட்டது இப்படி ஒரு கடிதத்தால்தான். ஒரு மாணவியைச் சேர்க்கும்படி அப்போதைய ஊவா முதலமைச்சர் கொடுத்த கடிதத்தைப் பதுளை தமிழ் மகளிர் வித்தியாலய அதிபர் ஏற்கவில்லை. அவரை முதலமைச்சரின் உத்தியோகபூர்வ இல்லத்துக்கு அழைத்து முழங்காலில் நிற்க வைத்து மன்னிப்புக் கேட்க வைத்ததாகச் செய்தி வந்தது. முதலமைச்சர் மறுத்தார், பிறகு கல்விப் பொறுப்பை விட்டு விலகினார், கைதாகிப் பிணையில் வந்தார். அப்போது பதுளையில் ஒரு தேநீர்க் கடையில் கேட்ட பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. ஒருவர், "ஒரு பொம்பளப் புள்ளய சேக்கிறதுக்கு இவ்வளவா?" என்றார். பக்கத்தில் இருந்தவர் பணிஸைத் தேநீரில் தோய்த்துக்கொண்டே, "கடிதம் இல்லாத எத்தன பேரு அன்னைக்கு திரும்பிப் போனாங்களோ" என்றார். எனக்கு இரண்டாமவர் சொன்னதுதான் விஷயமாகப் பட்டது. அந்த அதிபர் காப்பாற்ற நினைத்தது, கடிதம் கிடைக்காத யாரோ ஒருவரின் பிள்ளையின் இடத்தை.

மேலே போகப் போக எல்லை வேறு உருவம் எடுக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டாவுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. பதுளையும் மொனராகலையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு. இங்கே வெட்டுப்புள்ளி கொழும்பை விடக் குறைவு. அதனால் உயர்தரத்துக்கு மட்டும் வெளிமாவட்டப் பிள்ளைகளை மலையகத்தில் கொண்டுவந்து பதிகிறார்கள் என்ற முறைப்பாடு நுவரெலியாவிலும் பதுளையிலும் வருடா வருடம் எழும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாங்கள் பஜார் வீதி விலாசம் தேடுகிறோம். பதினாறு வயதுப் பிள்ளைக்கு வேறு யாரோ எங்கள் விலாசத்தைத் தேடுகிறார்கள். இந்த முறைப்பாட்டைக் கேட்டு எங்கள் ஆட்கள் கொதிப்பதில் நியாயம் இருக்கிறது. கோட்டா வந்ததே எங்கள் மாதிரி இடத்தில் ஆய்வுகூடம் இல்லை, பௌதிகவியலுக்கு ஆள் இல்லை என்பதற்காக. ஆனால் கொதித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு மூட்டைகளுக்கு நடுவில் கிடந்த அந்தப் பாய் ஞாபகம் வந்து தொலைக்கும்.

கோயில் மண்டபத்துப் பேச்சுக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக்கூடங்களிலேயே நாலில் ஒரு இடத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி, அதற்கு ஒரு கிலோமீட்டர் வட்டம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்கள் ஆட்டோத் தம்பி, "நம்மளுக்கு ஒரு கிலோமீட்டர்ல தேயிலதான் இருக்கு" என்றான்.

மண்டபத்தில் ஒரு பெரியவர் இருந்தார். கொஸ்லந்தைப் பக்கம் பெண் எடுத்தவர். அவர் வேறொரு பக்கத்திலிருந்து பேசினார். 2014 ஒக்டோபர் 29, அந்தப் பக்கத்து மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் போய் நின்ற இடம் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்தான் என்றார். "தோட்டத்துல நம்மளுக்குன்னு இருக்கிற சுவரு அது ஒண்ணுதான். லயமும் தொரையோடது, ஸ்டோரும் தொரையோடது. பள்ளிக்கூடம் மட்டுந்தான் கவுருமெண்டோடது. அத வெறுமையா விட்டிட்டா பெறகு மழைக்கு எங்க ஒதுங்குவீங்க?"

நல்ல பேச்சு. ஆனால் அதைக் கேட்டு ஒரு விண்ணப்பமும் வாபஸாகவில்லை. ஆறு பேரும் டவுனுக்குப் போட்டார்கள். டீச்சரே இரண்டு பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தார், எழுத்து பிசகக் கூடாது என்று பென்சிலில் எழுதிப் பிறகு பேனாவால்.

நேர்முகத்துக்கு நானும் தங்கை மகளோடு போனேன். பிளாஸ்டிக் ஃபைலில் கடதாசிகளை அடுக்கியிருந்தாள். பிறப்புச் சான்றிதழ், வாக்காளர் இடாப்புப் பிரதிகள், கிராம உத்தியோகத்தரின் சான்று, தோட்ட ஒபீஸ் கடிதம், மின்சாரப் பில். பிள்ளைக்கு எண்ணெய் வழிய வகிடெடுத்துச் சீவியிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். படிவத்தைப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"வீட்டு இலக்கம்?"

"பத்தாம் நம்பர் லயம். ஏழாவது காம்பரா."

"வீதி?"

அவள் என்னைப் பார்த்தாள். எங்கள் லயத்துக்கு முன்னால் போகிற பாதையைப் பெண்கள் கொழுந்து ரோடு என்பார்கள், ஆண்கள் ஸ்டோரு ரோடு என்பார்கள். இரண்டும் எந்த வரைபடத்திலும் இல்லை. அவர் கொஞ்சம் காத்திருந்தார், பிறகு அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

தற்காலிகப் பட்டியல் கேட்டுக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டப்பட்டபோது எங்கள் பிரிவிலிருந்து இரண்டு பெயர் இருந்தது, இரண்டும் தனிவீட்டுக்காரர்கள். தங்கை மகளின் பிள்ளை பெயர் இல்லை. மேன்முறையீட்டுக்கு இரண்டு வாரம் இருந்தது. கோயில் மண்டபத்திலேயே உட்கார்ந்து எழுதினோம். டீச்சர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், என் எழுத்து நன்றாக இருக்கும் என்று. காக்காய்க் கணக்கையும் ஆட்டோக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். பள்ளத்துக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பாதை இல்லை என்று எழுதினோம்.

முடிவில் பதில் அனுப்ப வேண்டிய விலாசம் என்று ஓர் இடம் வந்தது. தோட்டத்துக்கு வருகிற கடிதம் ஒபீஸுக்குப் போகும். அங்கே கட்டோடு கிடந்து, காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் யாராவது பெயர் கூப்பிட்டால்தான் கைக்கு வரும். போன வருடம் ஒருத்தருக்கு நேர்முகக் கடிதமே திகதி தாண்டி வந்தது. எரிந்த கடையை மாமாவின் முதலாளி பிறகு கட்டி எழுப்பினார், இப்போது அங்கே மாமாவின் பேரன் போன் கவர் விற்கிறான். எதுவும் பேசாமல் பேனாவை எடுத்துப் பஜார் வீதி விலாசத்தை எழுதினேன்.

டீச்சர் அதைப் பார்த்தார். "இலக்கத்தத் தெளிவா போடுங்கண்ணே," என்றார்.